ஜெனரேட்டருக்குப் பின்னால் வைத்த புளோயர்

என் மச்சானைத் தொட்டிக்குள் மயங்க வைத்தது நீங்கள்தான், சூப்பர்வைசர் சார். சாப்பிடாமல் வந்ததால் விழுந்தான் என்று கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். பொய். அன்று காலை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் என்னோடு உட்கார்ந்து பூரி சாப்பிட்டான். என் தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

அவன் என் மனைவியின் தம்பி, கல்லாவி ஊர்க்காரன். கம்பெனிகளின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் சேறு சுரண்டுவது எங்கள் வேலை. ஒருவன் உள்ளே, ஒருவன் வாயருகே. இறங்கும் முன்பே காற்றூதும் மெஷினான புளோயரை ஓடவிட்டு, மஞ்சள் குழாயை அடிவரை விடுவோம். வெளிக்காற்று அதன் வழியாகத்தான் போகும். புளோயர் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் மேலே இருப்பவன் இரும்பு ஏணியில் ஸ்பேனரால் தட்டுவான். கீழே இருப்பவன் திருப்பித் தட்டினால் நன்றாக இருக்கிறான் என்று பொருள்.

அன்று காலை விஷவாயு பார்க்கும் மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தோம், காற்று சரியாக இருந்தது. அவன் இறங்கினான். வெளியூர் கஸ்டமர்கள் வந்த பிறகு நீங்கள் வேகமாக வந்தீர்கள்.

"யோவ், இந்தச் சத்தத்த அந்தப் பக்கம் தள்ளுய்யா. மீட்டிங் ரூம்ல பேசறது ஒண்ணும் கேக்கல."

"சார், ஆளு உள்ள இருக்கறான் சார்."

"நிறுத்தவா சொன்னேன்? தள்ளித்தான வெக்கச் சொல்றேன். கொழாய்தான் நீட்டமா இருக்குதே."

நான் தொட்டி வாயை விட்டு நகர முடியாது. நீங்களே ஆள் கூட்டி, புளோயரைத் தூக்கி ஜெனரேட்டருக்குப் பின்னால் வைத்தீர்கள்.

சற்று நேரத்தில் கரண்ட் போனது. குழாய் சுருங்கியது. ஜெனரேட்டர் ஓடியதும் மறுபடி உப்பியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. பிறகுதான் தொட்டிக்குள்ளிருந்து டீசல் புகை நெடி வந்தது. ஜெனரேட்டர் விடும் புகையை புளோயர் இழுத்து, நேராக அவனிடம் தள்ளிக்கொண்டிருந்தது.

ஏணியில் தட்டினேன். பதில் இல்லை. ஓங்கி ஓங்கித் தட்டினேன். என் கால் தானாகவே ஏணியில் இறங்கிவிட்டது. இறங்கினால் நானும் அங்கேயே கிடப்பேன் என்று தெரியும். காலை மேலே இழுத்துக்கொண்டேன். அவன் இடுப்பில் கட்டி மேலே விட்டிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். கேன்டீன் ஆட்கள் ஓடிவந்தார்கள். எல்லோருமாக இழுத்தோம். கயிறு ஏணியில் ஒருமுறை சிக்கியது. அந்த நேரம் அவன் செத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

வெளியே கிடத்தியபோது உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தான். "ஏன் மாமா, மாட்ட இழுக்கறாப்புல இழுத்திருக்கற. இடுப்பே போச்சு" என்றான். சிரிக்கப் போய் அழுதுவிட்டேன்.

இப்போது குளியலறைக் கதவைக்கூட அவன் சாத்துவதில்லை. அவனைத்தான் இரண்டாவது தொட்டிக்குத் திங்கட்கிழமை கூப்பிட்டிருக்கிறீர்கள். வராவிட்டால் வேறு ஆள் இருக்கிறான் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டான். "அண்ணா, அவர அனுப்பட்டுமா வேணாமா?" என்று அவன் மனைவி போனில் கேட்கிறாள். அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை ஷிப்ட் மாறும்போது கம்பெனி கேட் முன்னால், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். புளோயர் எங்கே நிற்கும்? ஆள் உள்ளே இருக்கும்போது அதன்மேல் யார் கை வைக்கலாம்? நீங்கள் வாய் திறக்கும் வரை அவனை ஏணியில் கால் வைக்க விடமாட்டேன்.