சித்தப்பாவின் கறிக்குழம்பும் என் கொலஸ்ட்ரால் ஆராய்ச்சியும்

ஆராய்ச்சி செய்வதுகூடச் சுலபம், "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. பி.எச்டி. செய்து நொந்தவர்களுக்கு இது புரியும்.

சிபாரிசு

ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறிவிட்டது. சித்தி அன்றே கறியை நிறுத்திவிட்டார். அந்த நேரம் பார்த்து நான் என் தலைப்பை விளக்கினேன். மூளையில் ஒரு நரம்பு செல் வெளியே விடும் செரட்டோனின் என்ற ரசாயனத்தை, செல்லின் உறையில் பதிந்திருக்கும் ஒரு புரதம் திரும்ப உள்ளே இழுக்கும். அந்த உறையில் கொலஸ்ட்ரால் குறைந்தால், சுவர் பலமில்லாத மதகு மாதிரி புரதம் ஆட்டம் கண்டுவிடும். சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொலஸ்ட்ரால் வேணும்னு ஒரு தாளுல எழுதிக் குடு ஆத்தா, ஒங்க சித்திய நான் பாத்துக்கிறேன்."

கை மிஞ்சியது

ஆய்வகத்தில் செல்களின் உறையிலிருந்து கொலஸ்ட்ராலைக் கொஞ்சமாக உருவ வேண்டும். அதற்கான மருந்தை ஊற்றிவிட்டு, நேரத்துக்கு வந்து கழுவிவிடலாம் என்று டீ குடிக்கப் போனேன். கேன்டீனில் பேச்சு வளர்ந்துவிட்டது. திரும்பி வந்தால் அத்தனை செல்லும் செத்து மிதந்தன. அழுகையே வந்துவிட்டது. சித்தப்பா கதையை அறிந்த என் சக ஆய்வாளர் ஆரோக்கியமேரி எட்டிப் பார்த்தாள்.

"கொறைக்கச் சொன்னா, ஒங்க சித்தி மாதிரி அடியோட நிப்பாட்டிட்டியேடி!"

பொது வாய்மொழித் தேர்வு

பி.எச்டி.யின் கடைசிக் கட்டமான இந்தத் தேர்வில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். வேன் பிடித்து சொந்தமெல்லாம் வந்துவிட்டது. தேர்வாளர் "சபையில் கேள்வி உண்டா?" என்றதும் சித்தப்பா கையைத் தூக்கினார். "கொலஸ்ட்ரால் இல்லாட்டி மூளைப் புரதம் வேல செய்யாதுன்னியே, அப்பக் கறி திங்கலாம்ல?"

சித்தி என்னை முறைத்தார். ஆமாம் என்றால் பட்டம் போகும், இல்லை என்றால் சித்தப்பாவின் நம்பிக்கை போகும். "இல்ல சித்தப்பா. மூளை தனக்கு வேண்டியத அதுவே செஞ்சுக்கும். ரத்தத்துல ஓடுற கொலஸ்ட்ரால் அங்கன போகாது" என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. தேர்வாளரோ, "நான் கேட்க நினைத்த கேள்வியே இதுதான்" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தேறியவர் விருந்து வைப்பது வழக்கம். எல்லோர் இலையிலும் மட்டன் பிரியாணி, சித்தப்பா இலையில் மட்டும் தயிர் சாதம்.

"பட்டம் ஒனக்கு, பத்தியம் எனக்கா ஆத்தா?"

இத்தனை வருடம் படித்து நான் ஊருக்குச் செய்த ஒரே நன்மை, அதுவரை சித்தி மட்டுமே மறுத்துவந்த கறிக்குழம்பை அறிவியலும் மறுக்கும்படி செய்ததுதான்.