மாதா முகம் பதித்த கடிகாரம்

விராலிமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பத்தரின் நகைப் பட்டறை. என் மூக்குக்கண்ணாடியில் கழன்ற திருகை மாட்டுவதற்காகக் காத்திருக்கிறேன். எனக்கு முன்னால் வந்த ஆவூர்க்கார அம்மா கைக்குட்டையை அவிழ்க்கிறார். உள்ளே பழங்காலத்துத் தங்கப் பாக்கெட் கடிகாரம். மூடியில் எனாமலில் தீட்டிய மாதா, மடியில் குழந்தை. கண்ணிமைகூடத் தெரிகிறது. நீல முக்காடு இப்போதுதான் தீட்டியதுபோல் பளபளக்கிறது.

பத்தர் மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்து, முதுகில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுகிறார். மாதாவின் முகம் சில்லுச் சில்லாகத் தெறிக்கிறது.

“ஐயையோ! என்னங்க பண்றீங்க?” கத்தியே விடுகிறேன்.

பத்தர் நிமிரவில்லை. “எனாமலோட உருக்க முடியாதுங்க.”

அந்த அம்மாதான் என்னைச் சமாதானப்படுத்துகிறார். “பதறாதீங்க தம்பி. எம்மவன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, கோயில் மாதாவுக்குச் சின்னதா ஒரு தங்கக் கிரீடம் வைக்கிறேன்னு நேந்துக்கிட்டேன். பொழைச்சுட்டான். வீட்ல தங்கம்னு இருக்கறது இது ஒண்ணுதான்.”

அவர் தரையில் குனிந்து, சில்லுகளை விரல் நுனியில் ஒற்றியெடுத்துக் கைக்குட்டையில் சேர்க்கிறார். நீலமாக ஒன்று என் செருப்பருகே கிடக்கிறது.

“கொஞ்சம் காலை எடுங்க தம்பி. மாதா மிதிபடக் கூடாதுல்ல.”