படப்பையில் சாகாத கமாண்டர்

எண்பதுகளின் நடுவில், மார்கழி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நண்பனிடம் மன்னிப்புக் கேட்கத் தாம்பரத்திலிருந்து படப்பைக்குப் போனேன். அருவிக்கும் கோயிலுக்கும் வழி தேடி இந்த வலைப்பதிவுக்கு வருபவர்கள் இம்முறை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஆங்கிலத்தில் ஒரு விண்கப்பல் படம் பாகம் பாகமாக வந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு பாகங்களுக்கும் என்னையும் ஜெபராஜையும் கூட்டிப்போனவர் அவனுடைய அண்ணன். மூன்றாம் பாகம் வருவதற்குள் அண்ணன் வேலை செய்த இடத்தில் விபத்தில் இறந்துவிட்டார். அந்தப் பாகத்தின் முடிவில் படத்தின் நாயகனான கமாண்டரும் இறந்தார். எங்கள் கல்லூரி விடுதி இரண்டாகப் பிளந்தது. இத்தனை வருஷம் காக்கவைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்றது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. "அவன் செத்தாத்தான்டா கதைக்கே மரியாதை" என்று சாப்பாட்டு மேஜையில் முழங்கினேன். ஜெபராஜ் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனான். புத்தி கெட்ட எனக்கு மறுநாள்தான் உறைத்தது. அதற்குப் பிறகு நான்கு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனவன் ஒரு கார்டு போட்டான்: "எங்க ஊர்ல கமாண்டர் சாகல. வேணும்னா வந்து பாரு."

மாலை நாலேகாலுக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன். பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, டிக்கெட் ஒரு ரூபாய் இருபது காசு. முடிச்சூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஏரியும் வயலும். பனி அப்போதே இறங்கத் தொடங்கியிருந்தது. பஸ் தண்ணீரின்மேல் போவதுபோல எனக்கு ஒரு கிறக்கம். கண்டக்டரிடம் சினிமாக் கொட்டகை எங்கே என்று கேட்டேன்.

"ராக்கெட் படமா? படப்பைல பாத்தா பொழச்சிக்கிறான், மணிமங்கலத்துல பாத்தா பூட்றான். எங்க வூட்லயே ரெண்டு கட்சி கீது சார். நீ எந்தக் கட்சி?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொட்டகை வாசலில் ஜெபராஜ் நின்றிருந்தான். "வந்துட்டியா" என்றான், அவ்வளவுதான். பெஞ்சு டிக்கெட் ஒரு ரூபாய் பத்து காசு. நாங்கள் ஐம்பது காசு மணல் தரையில் உட்கார்ந்தோம். ஆறரைக்கு ஆட்டம். கூரைக் கிழிசல் வழியாக நிஜ நட்சத்திரங்கள் தெரிந்தன, திரையில் படத்தின் நட்சத்திரங்கள். எது எங்கே முடிகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு ரீல் படம். பதினோராவதில், போருக்கு முன்னால் கமாண்டர் தனியாகக் கப்பலை ஓட்டிக்கொண்டு போவார். பேச்சே கிடையாது. பன்னிரண்டாவதில் தீயில் கருகிவிடுவார். அங்கே பதினொன்று வர வேண்டிய நேரத்தில் தீ வந்தது. கமாண்டர் இறந்தார். விளக்கைப் போடுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ரீல் மாறியது. கமாண்டர் அமைதியாகக் கப்பலை ஓட்டிக்கொண்டு, இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தார். படம் அத்தோடு நின்றது. கொட்டகை முழுக்க மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

வெளியே வந்ததும் ஆபரேட்டர் தங்கவேலுவிடம் விசாரித்தேன். ஒரே பிரிண்ட், இரண்டு கொட்டகை. மணிமங்கலத்தில் ஓடி முடிந்த ரீல்களை ஓர் ஆள் சைக்கிளில் ஐந்து கிலோமீட்டர் கொண்டுவருவார்.

"மொத நாளு கடைசி ரெண்டு ரீலு பொட்டியும் ஒண்ணா வந்துச்சு. அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன். ரெண்டாம் நாளு சரியா ஓட்னேன், அடிக்க வந்துட்டாங்க. 'நேத்து பொழச்சவன இன்னிக்கி ஏன்யா சாவட்சே'ன்றாங்க! இன்னா பண்ண சொல்ற?"

போகிறவர்களுக்கு: இப்போது கொட்டகையைத் தேடாதீர்கள், மனைகளாகிவிட்டது. தாம்பரத்திலிருந்து பஸ் நிறைய இருக்கிறது, படப்பையிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ. தொழிற்சாலைகளின் காலை ஷிப்ட் நேரத்தில் மட்டும் அந்தச் சாலைப் பக்கம் போய்விடாதீர்கள். மணிமங்கலத்தில் பழைய கோயில் உண்டு. மார்கழியில் போனால் ஏரிமேல் பனி நிற்கும், அதற்காகவே போகலாம்.

அன்று ஏரிக்கரை வழியாக ஜெபராஜ் வீட்டுக்கு நடந்தோம். பனியில் அவன் முகம் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் சொன்னேன்: "ஜெபா, அன்னிக்கு நான் பேசினது தப்புடா. அண்ணன் ஞாபகமே இல்லாம பேசிட்டேன்."

"நீ சொன்னது சரிதான்டா" என்றான். "அதான் எனக்குக் கோவம்."

ஏரிக்கரை முடியும் இடத்தில் அவன் நின்றான்.

"இங்க ஒம்போது வாட்டி பாத்துட்டேன். நாளைக்கி மணிமங்கலத்துல பாக்கலாம்டா. தனியா போவ முடியல."