தேருக்கு அவிழ்த்த கேபிள்

எனக்கு முன்கோபம் அதிகம். ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் இணைய நிறுவனத்தில் என் குரல் கேட்டாலே லைன்மேன்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கத்தக்கூட எனக்குக் குரல் வரவில்லை.

பெட்டி வாங்குவதில்தான் தொடங்கியது. கண்ணாடி இழை ஒன்றுக்குள் பல நிற ஒளிகளைச் சேர்த்து அனுப்பி, மறுமுனையில் நிறம் நிறமாகப் பிரித்தெடுக்கும் பெட்டி. ஒரு நிறத்தில் கன்டெய்னர் யார்டு, ஒரு நிறத்தில் மருத்துவமனை, மீதியில் வீடுகள். புதிதாகக் கேபிள் இழுக்காமலே இருக்கிற இழையில் பத்து மடங்கு சரக்கை ஏற்றலாம்.

இதில் இரண்டு வகை எங்கள் மேசைக்கு வந்தன. ஒன்றுக்கு மின்சாரமே வேண்டாம். ஒளியைச் சேர்க்கும், பிரிக்கும், அத்துடன் அதன் வேலை முடிந்தது. இன்னொன்று விசிறியும் விளக்குகளுமாக விலை கூடிய பெட்டி. ஒரு வழி அறுந்தால் கண் சிமிட்டுவதற்குள் மறு வழிக்குத் தாவிவிடும். நான் இதைத்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கருப்பட்டி மொத்த வியாபாரத்திலிருந்து கேபிள் டிவிக்கு வந்து, அதிலிருந்து இணையத்துக்கு வந்தவர். "கரண்டே வேண்டாம்னா கெட்டே போகாதே, அதை வாங்காம இது எதுக்கும்மா?" என்றார். எண்ணூரில் எங்கள் யார்டு அறையில் ஒரே வாரத்தில் விசிறியில் கரித்தூள் அப்பிக்கொள்ளும். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

என் பக்கமும் ஒரு காரணம் இருந்தது. யார்டுதான் எங்கள் பெரிய வாடிக்கையாளர். டிரெய்லர் லாரி இடித்துக் கேபிள் அறுந்து, லாரிகளைக் கணினியில் பதிந்து உள்ளே விடும் அவர்கள் கேட் பலமுறை முடங்கியிருந்தது. இன்னொரு தடவை நின்றால் விலகிவிடுவோம் என்று அவர்களுடைய மேலாளர் சொல்லிவிட்டார். யார்டு போனால் நிறுவனத்தை விற்றுவிடுவதாக அண்ணாச்சியும் சொல்லிவிட்டார். வாங்குகிறவன் பெட்டிகளை எடுத்துக்கொள்வான், லைன்மேன்களை எடுத்துக்கொள்ள மாட்டான். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பெட்டியை விற்க வந்தவர் எங்கள் அலுவலகத்திலேயே ஒரு ஒயரைப் பிடுங்கிக் காட்டினார். பெட்டி தாவியது. அண்ணாச்சி மசியவில்லை. "கருப்பட்டிய உடைச்சுப் பாக்காம நான் வாங்குனதே இல்ல. ரோட்டுல போயி நெசமா வெட்டிப் பாத்துருவோம். மேலாளரையும் கூப்பிட்டு உக்கார வச்சிப் பாப்போம்" என்றார்.

மாதிரிக்குத் தந்த பெட்டிகளை இரு முனையிலும் மாட்டினோம். ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு எங்களுக்கு இரண்டு வழி. ஒரு கேபிள் கடலோரச் சாலையில் போகிறது, இன்னொன்று திருவொற்றியூர் உள்தெருக்கள் வழியாக. யார்டில் வேலை மந்தமாக இருக்கும் ஞாயிறு மதியம், கடலோரக் கேபிளை எப்போதும் லாரி இடிக்கிற இடத்தில் வெட்டச் சொல்லி லைன்மேனை அனுப்பினேன். அண்ணாச்சி ஒரு பக்கமும் மேலாளர் ஒரு பக்கமுமாகத் திரைமுன் உட்கார்ந்திருந்தார்கள். போனில் "வெட்டு" என்றேன்.

திரையில் முதல் வழி சிவப்பானது. சிரித்துக்கொண்டே மேலாளர் பக்கம் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் இரண்டாவது வழியும் சிவப்பு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரை தவறு என்று நினைத்தேன், பெட்டி தவறு என்று நினைத்தேன். உள்தெருக் கேபிளை யாரும் தொடவே இல்லையே! வெட்டாத கேபிள் எப்படிச் சாகும்? விற்பனைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது மேலாளரின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர் முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு கம்பெனி லைனுமா?" என்றார். அவரே சொன்னார். எங்களுக்குத் தெரியாமல் ஒரு மாதமாக இன்னொரு கம்பெனியின் லைனையும் வாங்கிச் சோதித்துக்கொண்டிருந்தாராம். எங்களை விட்டு அவர்களிடம் போவதாக ஏற்பாடு. அந்த லைனும் இதே நொடியில் செத்துவிட்டது.

மேலாளரும் நானும் அண்ணாச்சியின் காரில் ஏறினோம். கம்பத்தடியில் லைன்மேன் வெட்டிய முனையைக் கையில் பிடித்தபடி உற்சாகமாக நின்றிருந்தார்.

"இன்னா மேடம், பொட்டி தாவிச்சா?"

"எல்லாம் போச்சு. உள்தெரு லைனும் போச்சு. எப்படிப் போச்சு?" என்றேன்.

அவர் கேபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது இதுலதான கீது மேடம்."

"எது எதுல இருக்கு?"

"உள்தெருவுல கோயில் தேரு வரச் சொல்லோ குறுக்கால ஒயரு இருந்தா கலசத்துல மாட்டிக்கும்னு வருசா வருசம் அவுப்போம்ல. இந்த வாட்டி திருப்பிக் கட்ட ஏணி வண்டி கெடைக்கல. பீச்சு கேபிள்ள சும்மா கெடந்த இழை நெறைய கீது, அதுல ஒட்டி வுட்டோம். ரெண்டு லைனு லைட்டும் எரிஞ்சிகினுதான இருந்துச்சு?"

எரிந்துகொண்டுதான் இருந்தது. இழையின் நீளத்தை அளக்கும் கருவி காட்டிய தூரமும் கொஞ்சம்தான் மாறியிருந்தது, அது யாருக்கும் உறைக்கவில்லை. தேர் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் இரண்டு வழி இருக்கிறது என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மேலாளர் மெல்லக் கேட்டார், "அந்த இன்னொரு கம்பெனி?"

"அதுவும் இதுலதான் சார். அவங்க லைன்மேன் நம்ம தோஸ்து. தேருக்கு நம்ம ஒயர அவன் அவுப்பான், அவன் ஒயர நான் அவுப்பேன். அவனுக்கும் ஏணி வண்டி கெடைக்கல. ரெண்டு இழை குடு மாமுன்னான், குடுத்தேன்."

மேலாளர் அங்கிருந்த டீக்கடை ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். யார்டு போனால் வேலை போகும் என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவர் இந்த லைன்மேன்தான். அவருக்கு விஷயம் அப்போதுதான் மெல்லப் புரிந்தது. கேபிள் கையிலிருந்து நழுவியது. "அப்போ என் வேலைய நானே வெட்டிக்கினேனா?" என்றார். அண்ணாச்சி அவர் தோளில் கை வைத்தார்.

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து என்னால் முடியவில்லை.

கடைசியில் மேலாளர்தான் பேசினார். "உங்களை விட்டுட்டு நான் எங்க போறது? அவங்ககிட்ட போனாலும் இதே ஒயர்லதான போவேன். முதல்ல ஒட்டுங்க. அப்புறம் ரெண்டையும் பிரிச்சுக் கட்டுங்க. அதுக்கப்புறம் மறுபடி வெட்டிக் காட்டுங்க, நான் வந்து பாக்கறேன்."

இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தார். அதே இடம், அதே கத்தி, அதே லைன்மேன். கம்பத்தடியில் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வெட்டினார் என்று பிறகு சொன்னார்கள். பெட்டி தாவியது. யார்டும் தங்கியது, லைன்மேன்களும் தங்கினார்கள்.

அடுத்த வருடம் தேர் வந்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். எல்லோரும் சாமியைப் பார்த்துக் கைகூப்பினார்கள். எதிர் ஓரத்தில், வாடகைக்குப் பிடித்த ஏணி வண்டியின் மேல், எங்கள் லைன்மேனும் அவருடைய தோஸ்தும் ஆளுக்கொரு கேபிளைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, தேர் எப்போது தாண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.