குட்டை நெல் வந்த வருசம்

அறுபதுகளின் கடைசியில், கல்லலுக்குப் பக்கத்தில் உழுது பிழைக்கும் ஒரு சம்சாரி வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். மடியில் ஒன்றரை வயதுப் பிள்ளை. எனக்குப் பால் வற்றிவிட்டது. அவனைத் தேற்றி வளர்த்தது தொழுவத்துச் சிவப்புப் பசுதான்.

நாடெல்லாம் அரிசிப் பஞ்சம் என்று பேச்சு. விளைச்சலைக் கூட்டினால்தான் பசி தீரும் என்று சர்க்கார் புது நெல் விதை கொடுத்தது. என் மாமனார் முதல் ஆளாகப் போய் வாங்கிவந்தார். அவரைப் பார்த்து ஊரும் வாங்கியது.

"இருக்கிற நெலம், செய் அம்புட்டுலயும் இதேதான்" என்றார்.

"ஒரு செய்யிலயாவது பழைய நெல்லு இருக்கட்டுமே" என்றார் மாமியார்.

"ஒனக்கு என்ன தெரியும்?"

அப்புறம் இரண்டு பேரும் மாறி மாறி என்னிடம் வந்து நியாயம் கேட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்.

கண்மாய் நிறைந்த வருசம் அது. மாமனார் சொன்னபடியே எல்லாச் செய்யிலும் புது நெல். உரமும் போட்டோம். தை அறுப்பில் நெல் குவிந்தது. பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு விளைச்சலை அந்த வீடு கண்டதில்லை. ஆனால் பழைய நெல் நெஞ்சு உயரம் நிற்கும். இது இடுப்போடு நின்றுகொண்டது. வைக்கோலும் அந்த அளவுதான். எப்போதும் கூரையை முட்டும் வைக்கோல் படப்பு அந்த முறை என் தோளைக்கூடத் தொடவில்லை.

பங்குனியிலேயே படப்பு தீரப்பார்த்தது. உழவுமாடு இல்லாமல் அடுத்த வெள்ளாமை இல்லை. மிச்ச வைக்கோல் அதுகளுக்கே பற்றாது. விலைக்கு வாங்கலாம் என்றால் ஊர் முழுக்க அதே விதை, அதே கதை. பசுவைத் தேவகோட்டைப் பக்கம் ஒருவருக்கு விற்றோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் நெல் மூட்டைகளை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. பிள்ளை பாலுக்கு அழுதால் கஞ்சித் தண்ணியில் கருப்பட்டி கலந்து கொடுத்தேன். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்க சர்க்கார் ஆள் வந்தது. மாட்டுக்கு என்ன மிஞ்சியது, பிள்ளைக்கு என்ன மிஞ்சியது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

சித்திரையில் விவசாய அதிகாரி வீடு தேடி வந்தார். கல்லலில் கூட்டம், மாமனார் மேடையேறித் தன் விளைச்சலைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். மாமனாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. மாமியார் காப்பி கொண்டுவந்து வைத்தார். பால் விடாத கடுங்காப்பி. எங்கள் பக்கம் இழவு வீட்டில்தான் வந்தவர்களுக்கு அப்படிக் கொடுப்பது. அதிகாரி டம்ளரைப் பார்த்துத் தயங்கினார்.

"வீட்டுல யாரும் தவறிட்டாகளா?"

"ஆள் எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றார் மாமியார். "வெளைச்சல் கூடிப்போச்சு, மாட்டை வித்துட்டோம். ஆறுறதுக்குள்ள குடிங்க."

மாமனார் கூட்டத்துக்குப் போகவில்லை. அடுத்த விதைப்பில் பாதி நிலத்தில் பழைய நெல்லை விதைத்தார். மறு தையில் படப்பு உயர்ந்ததும் கன்றோடு ஒரு பசு வாங்கினோம். முதல் நாள் பாலைக் காய்ச்சி, ஆற்றி, மகன் வாயில் வைத்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாலின் ருசி அவனுக்கு மறந்தே போயிருந்தது.