அம்மாவின் போட்டோக்கள்

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் இயந்திரங்களுக்கான கையேடுகளைத் திருத்துவது என் வேலை. பொறியாளர்கள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவார்கள். ‘த ஸ்க்ரூ ஆன் த பைப் வித் த கேப்’ என்று ஒருவர் எழுதியிருப்பார். மூடி இருப்பது திருகிலா, குழாயிலா என்று கேட்டுத் திருப்பி அனுப்புவேன். எழுதியவருக்குக் கோபம் வரும். இயந்திரம் அவர் கண்முன்னே நிற்பதால் சந்தேகமே அவருக்குத் தோன்றியிருக்காது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லைச் சொல்லிவிட்டு அதற்குப் பின்னால் ஆன், இன், வித், ஆஃப் என்று ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போகலாம். எது எதோடு சேர்ந்தது என்பதைப் படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். இந்த ஊகத்தைக் குறைப்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

நாற்பது வயதுக்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. என் கணவரின் முதல் மனைவி சில வருடங்களுக்கு முன் உடம்பு சரியில்லாமல் இறந்துபோயிருந்தார். அவர்களுக்கு ஒரு பெண். நான் அந்த வீட்டுக்குப் போனபோது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். அப்பாவிடம் தமிழ் பேசுவாள், என்னிடம் பெரும்பாலும் ஆங்கிலம். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி மரியாதையாக இருக்கும். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. நானும் அதே மரியாதையைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அவள் மைசூருக்குக் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். எங்களுக்குள் வாட்ஸ்அப் செய்திகள் மட்டும் மிஞ்சின.

அந்த வருடம் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். பெயின்டர்கள் வந்த அன்று காலை அவளிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. ‘மை மதர்ஸ் போட்டோஸ் இன் த பாக்ஸ் ஆன் த லாஃப்ட் வித் த புரோக்கன் ஹேண்டில்’, அவற்றை யாரும் தொட வேண்டாம் என்று இருந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு லாஃப்ட், கதவு போட்ட பரண்கள். பெரிய படுக்கையறையில் இருப்பதன் கதவுக்குக் கைப்பிடி உடைந்திருந்தது. அதைத் திறந்தால் ஒரு அட்டைப் பெட்டி, அதற்குள் ஆல்பங்கள். கல்யாண ஆல்பம், சீமந்தம், குழந்தையோடு கப்பன் பார்க்கில் எடுத்தது. எல்லாவற்றிலும் அந்தப் பெண்மணி இருந்தார். உயரமாக, கொஞ்சம் கூச்சத்தோடு, கேமராவை நேராகப் பார்க்காமல். பெட்டியை எடுத்து என் அலமாரியில் பத்திரப்படுத்தினேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் பெயின்டர் கூப்பிட்டார். ஆஸ்டின் டவுன்காரர், தமிழர்.

“மேடம், சின்ன ரூம் லாஃப்ட்ல ஒரு பழைய சூட்கேஸ் கீது. பால்கனில வெக்கட்டா? சும்னே எடத்த அடைக்குது.”

வெளியே மழை மூட்டம். சூட்கேஸைப் பார்த்தேன். அதன் கைப்பிடியும் உடைந்திருந்தது. கயிறு கட்டி வைத்திருந்தார்கள். திறந்தால் கட்டுக் கட்டாக ஸ்டுடியோவில் போட்ட பிரிண்டுகள். ஒரு ஆல்பமும் இல்லை. பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து கேட்டை விட்டு வெளியே வரும் ஆட்களின் முதுகுகள். மழையில் நனைந்த பஸ் ஸ்டாப். மொட்டை மாடியில் காயும் சட்டைகள். மூடிய ஷட்டருக்கு முன்னால் தூங்கும் நாய். எதிலும் அவர் இல்லை.

என் கணவருக்கு போன் செய்தேன்.

“அதுவா? ஏதோ பழசு. பேப்பர்காரனுக்குப் போட்டுடு. அவ போட்டோ எல்லாம் ஆல்பத்துலதானே இருக்கு.”

போனை வைத்த பிறகு அந்தச் செய்தியைத் திரும்பப் படித்தேன். கைப்பிடி உடைந்தது லாஃப்டுக்கா, பெட்டிக்கா என்பது சின்னச் சந்தேகம். பெரியது முதல் மூன்று சொற்களிலேயே இருந்தது. மை மதர்ஸ் போட்டோஸ். அம்மா இருக்கிற போட்டோவும் அதுதான், அம்மா எடுத்த போட்டோவும் அதுதான். ‘ஆஃப்’ போட்டிருந்தால் ஒன்றாகியிருக்கும், ‘பை’ போட்டிருந்தால் இன்னொன்று. தமிழில் ‘அம்மாவோட போட்டோ’ என்று சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. என் கணவர் ‘அவ போட்டோ’ என்று சொன்னபோது அவருக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது.

நான் பொறியாளர்களிடம் கேட்பதைப் போலவே அவளிடமும் கேட்டேன். எழுதிக் கேட்கவில்லை, கூப்பிட்டேன். தமிழில் கேட்டேன்.

“அம்மா இருக்கற போட்டோவா, அம்மா எடுத்த போட்டோவா?”

 

“எடுத்தது,” என்றாள். “சூட்கேஸ்ல இருக்கறது. அம்மா எடுத்ததுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நீ எழுதினதுல ரெண்டு அர்த்தம் வந்தது. அதான் கேட்டேன்.”

“அப்பா இதுவரைக்கும் கேட்டதே இல்ல, ஆன்ட்டி.” பிறகு அவசரமாகச் சொன்னாள்: “வெளிய வெச்சிடாதீங்க. மழ வருதா அங்க?”

“இல்ல. என் கட்டிலுக்குக் கீழ வெச்சுட்டேன்.” அப்போது அது உண்மையில்லை. பேசிக்கொண்டே சூட்கேஸைத் தள்ளிக்கொண்டு போய்த்தான் வைத்தேன்.

சனிக்கிழமை அவள் வந்தாள். பெயின்ட் வாசனை போகாத ஹாலில் செய்தித்தாள் விரித்து பிரிண்டுகளைப் பரப்பினோம். எங்கே எடுத்தது என்று அவளுக்குச் சிலது தெரிந்தது, பலது தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தனியாகக் கேமராவோடு போவாள், சில சமயம் தன்னையும் கூட்டிப்போவாள், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும், பேசக் கூடாது என்று சொன்னாள். அன்று என்னிடம் அவள் பேசியதெல்லாம் தமிழ். இடையில் ஆங்கிலமும் கன்னடமும் வந்தன, ஆனால் தமிழ்தான்.

என் கணவர் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் எதையும் அவர் கவனிக்கவில்லை என்று தெரிந்தது. மகள் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். ரயில் ஜன்னலில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து தூங்கும் ஓர் இளைஞன்.

“இது நான்,” என்றார்.

“தெரியுது.”

“எப்ப எடுத்தா? எனக்குத் தெரியவே தெரியாது.”

அவர் அந்தப் படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு கீழே உட்கார்ந்து மீதிக் கட்டுகளின் ரப்பர் பேண்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். ரப்பர் இறுகிப்போய் பிரிண்டுகளில் ஒட்டியிருந்தது. நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். நான் எழுந்து போய் சாம்பார் வைத்தேன். அந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை என்று தோன்றியது. வருத்தம் ஒன்றும் இல்லை.

சில மாதங்கள் கழித்து அவள் கல்லூரியில் மாணவர்கள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அம்மா எடுத்ததில் கொஞ்சத்தை வைக்கப்போகிறேன் என்றாள். தலைப்பு எழுதி எனக்கு அனுப்பினாள்: மை மதர்ஸ் போட்டோகிராஃப்ஸ். நான் பழக்கதோஷத்தில் ‘போட்டோகிராஃப்ஸ் பை மை மதர்’ என்று திருத்தி அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“இல்ல, நான் எழுதினதே இருக்கட்டும்.”

“ரெண்டு அர்த்தம் வரும்மா. உள்ள வந்து அம்மாவத் தேடுவாங்க.”

“தேடட்டுமே,” என்றாள்.

நான் வாதாடவில்லை. கையேட்டைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒரு திருகைக் கழற்றினால் விரல் போகும். இங்கே அப்படி ஒன்றும் ஆகிவிடாது. தவிர, தலைப்பு அவளுடையது.

நானும் என் கணவரும் போனோம். ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, கயிறு கட்டி, கிளிப் போட்டு மாட்டியிருந்தாள். ஜனங்கள் நிறைய வரவில்லை. வந்த ஒரு பேராசிரியை ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து என் எதிரில் நின்றார். “நீங்கதான் அந்த அம்மாவா? ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க,” என்றார் கன்னடத்தில். நானும் கன்னடத்தில், இல்லை, எடுத்தவர் இப்போது உயிரோடு இல்லை என்றேன். அவர் என் கையைத் தொட்டுவிட்டு மறுபடியும் முதல் படத்துக்குப் போனார். இந்த முறை மெதுவாகப் பார்த்தார்.

மாலையில் நாங்கள் இருவர் மட்டும் காரில் திரும்பினோம். வழியில் மத்தூரில் வடைக்கு நிறுத்தினோம். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. என் கணவர் வடையைப் பிய்த்தபடி, கேட்காமலே பேச ஆரம்பித்தார். முதல் மனைவி படம் எடுக்க ஓடும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்குவாராம். கண்டக்டர் திட்டுவாராம். இவர் பையைத் தூக்கிக்கொண்டு வெட்கத்தோடு பின்னால் இறங்குவாராம். எதைப் பார்த்து இறங்கினார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லையாம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவரைப் பற்றி என்னிடம் இவ்வளவு பேசியது அன்றுதான்.

அவர் பேசி முடிக்கிற மாதிரி தெரியவில்லை. சர்வரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு காபி சொன்னேன்.