சந்தனப் பொட்டு வைத்த குழாய்கள்

டைட்டானியம் டையொக்சைட் என்ற வெள்ளைத் தூளை காஸ்டிக் சோடாவில் அவித்து, கண்ணுக்குத் தெரியாத குழாய்களாக்குவதுதான் கெம்பஸில் என் ஆய்வு. போட்டதும் வெள்ளைத் தூள், எடுத்ததும் வெள்ளைத் தூள். பல மாதம் தோற்ற பிறகுதான் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படத்தில் குழாய்கள் கத்தை கத்தையாகத் தெரிந்தன.

ஆய்வேட்டில் ஒட்டவேண்டிய அந்த ஒரே பிரதியை, லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். விடிந்து பார்த்தால் படம் சாமி படங்களோடு நின்றது. நடுவில் சந்தனப் பொட்டு.

“அம்மா, இத சேருக்குக் குடுக்கணும்.”

“குடு. பொட்டு வச்சா என்ன, நல்லதுதானே?”

பயந்துகொண்டேதான் நீட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரரான பேராசிரியர் பொட்டையே பார்த்தார்.

“இந்தப் பொட்டளவு இடத்தில எத்தினை குழாய் நிக்கும், சொல்லும் பாப்பம்.”

“கோடிக்கணக்குல, சேர்.”

“அப்ப அம்மா அத்தினைக்கும் சேத்துத்தான் வச்சிருக்கிறா.”

இன்றும் என் ஆய்வேட்டில் அந்தப் படம் பொட்டோடுதான் இருக்கிறது.